ஞானதுரை அண்ணாச்சியின் கரண்டு ஜீப்

ஞானதுரை அண்ணாச்சி இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். காலேஜ் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்த காலை நேரம். எங்கள் கம்பெனி குரூப்பில் யாரோ போட்ட தாமரைப்பூ காலை வணக்கத்துக்குக் கீழே, "நம்ம ஜெனரேட்டர் ஞானதுரை சேத்தூரில் காலமானார்" என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எழுத்துக்கூட்டி ஒரு வார்த்தை எழுத யாருக்கும் நேரமில்லை. நானும் ஒரு ஜோடிக் கையை அனுப்பினேன். அனுப்பிவிட்டு மிச்ச வடையையும் தின்றேன்.

அண்ணாச்சியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னையும் உங்களில் பலருக்குத் தெரியும். சீனிவாசன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். அவருக்குக் கீழே எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன், இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். அவரைவிட மூன்று வயது இளையவன். அவர் செய்த வண்டியால்தான் எங்கள் மரம் அறுக்கிற கருப்பையாவின் வலது கை போயிற்று என்று ராஜபாளையத்திலும் சேத்தூரிலும் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சோடுதான் அவரைக் குழிக்குள் இறக்கினோம். அது பொய். பொய் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நல்லவர், வல்லவர், தங்கமான மனிதர் என்று நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கம்பெனியில் கேட்டார்கள். அந்த நாலு வரியை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனிக்கு மரம் வெட்டுவதுதான் வேலை. தோப்புகளில் கிளை கழிப்பது, மழையில் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரத்தை அறுத்து எடுப்பது, கரண்டு கம்பியில் உரசுகிற கொப்பைத் தறிப்பது. எல்லாவற்றுக்கும் பெட்ரோல் ரம்பம்தான் வைத்திருந்தோம். செண்பகத்தோப்புப் பக்கம் போனால் அதனால் பெரிய தொல்லை. மலையடிவாரம், பக்கத்திலேயே அணில்களுக்கான காப்புக்காடு. வெயில் காலத்தில் பெட்ரோல் கேனோடு உள்ளே போகாதே, தீப்பிடிக்கும் என்பார்கள் வனத்துறைக்காரர்கள். ரம்பம் போடுகிற இரைச்சலுக்கும் ஏச்சு விழும். மில்லில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி எங்களிடம் வேலைக்கு வந்த புதிதில், ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த டீசல் ஜீப் ஒன்றைப் பார்த்தார். நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் அதன் பின்பக்கம் ஒரு ஜெனரேட்டர் ஏறி உட்கார்ந்தது. பக்கவாட்டில் நூறு மீட்டர் கேபிள் சுற்றிய உருளை, ஒரு சுவிட்சுப் பெட்டி. ஜீப் பாதையிலேயே நிற்கும். கேபிள் தோப்புக்குள் போகும். அதன் நுனியில் கரண்டு ரம்பம் ஓடும்.

முதல் நாள் ஜீப்பைக் கொண்டு நிறுத்தியபோது, தோப்பு வாசலில் நின்ற ஒருவர், "என்ன அண்ணாச்சி, யார் வீட்டுக் கல்யாணம்? சீரியல் பல்பு போட வந்தியளா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "பல்புக்கு இல்லடே, ரம்பத்துக்கு" என்று சொல்லிவிட்டு, எர்த் கம்பியைத் தரையில் அடிக்க ஆரம்பித்தார். ஆளுயரக் கம்பி. அதை மண்ணில் இறக்கி, சுற்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் அவர் ஜெனரேட்டரை ஓட்டியதே கிடையாது.

அந்தத் தோப்பில்தான் கருப்பையா முதன்முதலாகக் கரண்டு ரம்பத்தைக் கையில் எடுத்தார். எங்கள் ஆட்களிலேயே நல்ல அறுப்புக்காரர் அவர். செண்பகத்தோப்பு அடிவாரத்தில் குடியிருப்பவர். பாதி சாய்ந்த ஒரு கிழட்டுப் புளிய மரம். ரம்பத்தை அழுத்தினால் ஓடும், விட்டால் அந்த நொடியே அமைதி. ஜெனரேட்டர் சத்தம் எங்கோ பாதையில் கிடக்கிறது. மூன்றாவது தடவை கையை எடுத்தபோது கருப்பையா தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். அடுத்த கணம் ரம்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்தார். அவர் நின்ற இடத்தில் அடிமரம் உருண்டு விழுந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, நேராக ஜீப்புக்குப் போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மரம் முனகுனது கேட்டுச்சு அண்ணாச்சி. பெட்ரோல் ரம்பமா இருந்தா இன்னிக்கி எனக்குச் சங்குதான்" என்றார். அதன் பிறகு பெட்ரோல் ரம்பத்தை அவர் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

அண்ணாச்சியின் காலை வேலை ஒன்று உண்டு. எங்களுக்கெல்லாம் அது கேலி. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி நெய்கிற தறிகள் நிறைய இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து கழிவுத் துணி ஒரு மூட்டை வாங்கி ஜீப்பில் போட்டு வைத்திருப்பார். வேலை தொடங்குமுன் கேபிள் முழுவதையும் பாதையில் நீட்டச் சொல்வார். ஒரு கைப்பிடி கட்டுத்துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பார். ரப்பரில் மயிரிழை அளவு வெட்டு இருந்தாலும் கட்டுத்துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நூலுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. "அண்ணாச்சி, கேபிளுக்கு மருந்து போட்டாச்சா?" என்று நான் கேட்பேன். "ஏலே சீனி, இதுக்கு இப்பம் துணி சுத்துனா பொறவு ஒனக்குச் சுத்த வேண்டாம்" என்பார். ஒரு நாள்கூட அவர் இதை விட்டதில்லை. நாங்கள்தான் அவர் இல்லாத நாட்களில் பாதிக் கேபிளோடு நிறுத்திக்கொள்வோம்.

அதே போல அவர் உயிராகப் பார்த்த இன்னொன்று, சுவிட்சுப் பெட்டிக்குள் இருந்த டிரிப்பர். கரண்டு போன வழியில் திரும்பி வராமல் ஈர மண்ணிலோ ஆள் மேலோ கசிந்தால், கண்ணிமைக்குமுன் தானே அணைந்துவிடுகிற சுவிட்சு. வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும், மழைக்காலத்தில் அது சும்மா சும்மா விழும். தோப்பு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். விழுந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் முதலாளி போன் பண்ணுவார். "டிரிப்பர் கெட்டுப்போச்சு அண்ணாச்சி, கழட்டிப் போடுங்க" என்று ஒவ்வொரு மழையிலும் யாராவது சொல்வார்கள். "அது கெடலடே. கெட்டது எங்கயோ கிடக்கு, தேடுங்க" என்பார். பிறகு மறுபடியும் கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு நடப்பார். பொறுமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறுமையெல்லாம் இல்லை, பிடிவாதம்தான். எனக்குப் பல நாள் அவர் மேல் எரிச்சலாக வந்திருக்கிறது.

விபத்து நடந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி மழை. செண்பகத்தோப்புப் பாதையில் ஒரு பெரிய மருத மரம் குறுக்கே விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ பெரிய மனிதர் போக வேண்டுமாம். காலையிலிருந்து முதலாளி போன் மேல் போன். ரம்பம் ஓடிய பத்தாவது நிமிஷம் டிரிப்பர் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. அண்ணாச்சி கட்டுத்துணியோடு கேபிளில் நடந்தார். பாதி தூரத்தில் நூல் மாட்டியது. அறுத்த அடிக்கட்டை ஒன்றில் உரசி ரப்பர் கிழிந்திருந்தது. டேப் சுற்றலாமே என்றேன். ஈரத்தில் டேப் நிற்காது என்றார். ஷெட்டில் வேறு கேபிள் இருந்தது. பைக்கில் போய் எடுத்து வருவதாகச் சொல்லி மழைக்கோட்டை மாட்டினார்.

"ஏலே சீனி, நான் வாரவரைக்கும் எதையும் தொடாத. செத்த நேரம் பொறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போய்க் கால்மணி நேரத்தில் முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். "ஆம்பளையாய்யா நீங்கள்லாம்? ஒரு மரத்த அறுக்க எம்புட்டு நேரம்?" என்றார். அவர் திட்டியது நியாயமில்லை. ஆனால் திட்டை வாங்கிக்கொண்டு சும்மா நிற்க எனக்குத் தெரியவில்லை. அடுத்த சூப்பர்வைசர் யார் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தேன். சிவப்பில் ஒரு துண்டு, கறுப்பில் ஒரு துண்டு, இரண்டு வயரை விரல் நீளத்துக்கு வெட்டினேன். நுனியைச் சீவி முறுக்கி, டிரிப்பருக்கு மேலே இருந்த கரண்டைக் கீழே இருந்த கேபிளோடு நேராக இணைத்தேன். இனி டிரிப்பர் விழுந்தாலும் கரண்டு நிற்காது. ஐந்து நிமிஷ வேலை. பெட்டியை மூடிவிட்டு, "டிரிப்பர் தானாச் சரியாயிட்டு, அறுங்க" என்று கத்தினேன்.

ரம்பம் நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. பிறகு கொப்புக்கு அடியில் சிக்கிய கேபிளை இழுத்துப் போட கருப்பையா குனிந்தார். கிழிந்த இடம் அவர் உள்ளங்கையில் வந்தது. அவர் கை கேபிளை விடவில்லை. நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி நின்றோம். புதுக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்து இறங்கிய அண்ணாச்சி, பைக்கை அப்படியே கீழே விட்டுவிட்டு ஓடினார். ஜெனரேட்டரை நிறுத்தினார். கருப்பையாவைத் தூக்கி வேனில் ஏற்றினோம். உயிர் இருந்தது. அந்தப் பரபரப்பில் அண்ணாச்சி மட்டும் திரும்பிப் போய்ச் சுவிட்சுப் பெட்டியைத் திறந்ததை நான் பார்த்தேன். என்ன செய்தார் என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பெட்டியை மூடிவிட்டு வந்து ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

உயிர் பிழைத்தார் கருப்பையா. வலது கை மரத்துச் சுருங்கிப்போயிற்று.

மறுநாள் முதலாளி அறையில் எல்லோரையும் நிறுத்தினார்கள். விசாரிக்க வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்கள். உள்ளே எல்லாம் இருக்கிற இடத்தில் இருந்தன, நான் போட்ட வயர் துண்டுகள் மட்டும் இல்லை. டிரிப்பர் இருந்தும் காப்பாற்றவில்லை, ஆகவே வண்டியைச் செய்தவன் வேலை சரியில்லை என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். பொறுப்பாளரே இடத்தை விட்டுப் போய்விட்டார் என்ற குற்றம் வேறு. அண்ணாச்சி அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "சீனி, டிரிப்பர நீ தொட்டியா?" என்று கேட்டார்.

"நான் தொடல அண்ணாச்சி" என்றேன்.

அவர் தன் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். பிறகு, "சரிங்க" என்றார்.

என்னிடம் அவர் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த மாதம் நான் சூப்பர்வைசர் ஆனேன்.

அண்ணாச்சி சேத்தூரில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். மிக்ஸி, கிரைண்டர், கிணற்று மோட்டார் என்று வந்ததையெல்லாம் சரி பண்ணினார். ஜீப் கம்பெனியிலேயே இருந்தது. அதை அப்புறம் யாரும் காட்டுக்கு எடுத்துப் போகவில்லை. முதலாளி வீட்டு விசேஷம், அவருக்கு வேண்டியவர்களின் கூட்டம், மைக் செட், வாசலில் எரிகிற சீரியல் பல்பு, இதற்கெல்லாம்தான் அது போய்வந்தது. அன்றைக்குத் தோப்பு வாசலில் ஒருவர் கேலியாகக் கேட்டாரே, அந்தக் கல்யாண வேலைதான் கடைசியில் அதற்கு வாய்த்தது. மரக்காரர்கள் மறுபடியும் பெட்ரோல் கேனைத் தூக்கினார்கள். மேற்பார்வை பார்த்தவன் நான்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர் வீட்டுக்குப் போவேன். வெட்கங்கெட்ட ஜென்மம் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. போவேன். கேக் தருவார்கள், தின்பேன். "வாங்க சார், உக்காருங்க சார்" என்பார் அண்ணாச்சி. சூப்பர்வைசர் என்பதால் மரியாதை கொடுக்கிறார் என்று முதல் வருஷம் நினைத்தேன். இரண்டாம் வருஷம் அப்படி நினைத்துக்கொள்ள முயன்றேன். "என்ன அண்ணாச்சி, என்னைப் போய் சார்னுக்கிட்டு, எப்பவும் போல ஏலேன்னு கூப்புடுங்க" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னேன். "அதெல்லாம் பழக்கம் விட்டுப்போச்சுங்க" என்றார். அவர் மனைவி, எங்கள் மதினி, காப்பித் தம்ளரை எடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அடுத்த துண்டு கேக்கை எடுத்தேன்.

அடக்கத்தன்று சேத்தூர் தெரு முழுக்கக் கம்பெனி வைத்த பிளெக்ஸ். யாருடைய உடம்பிலோ அண்ணாச்சியின் தலையை ஒட்டி, கோட்டும் டையும் போட்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் காக்கிச் சட்டையில் கிரீஸோடு திரிந்த மனிதர். 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று கீழே எழுதி, அவர் படத்தைவிட முதலாளி படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வேலையை விட்டு நிறுத்திய வாய்தான் மைக்கில் நின்று, "ஞானதுரை ஒரு மேதை" என்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அந்த உச்சுச் சத்தம் தாங்கவில்லை.

அன்றைக்குச் சேத்தூரில் கரண்டு இல்லை. மைக்குக்கும், அண்ணாச்சியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கும் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தெரு முனையில் அந்த ஜீப் நின்றது. எர்த் கம்பி கூரையோடு கட்டிய கட்டிலேயே துருவேறிக் கிடந்தது, யாரும் அதைத் தரையில் இறக்கவில்லை. போய்ப் பெட்டியைத் திறந்தேன். டிரிப்பர் இருந்த இடம் காலி. கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வயரை நேராக முறுக்கிவிட்டிருந்தார்கள். நான் ஒரு நாள் திருட்டுத்தனமாகச் செய்ததை இப்போது பகலில் வழக்கமாகவே செய்கிறார்கள். அந்தக் கரண்டில்தான் அண்ணாச்சி குளிர்ந்துகொண்டிருந்தார். பெட்டியை மூடினேன். மேடையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறி, "அண்ணாச்சி ரொம்ப நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை.

கருப்பையாவும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. சுருங்கிய கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பிளெக்ஸுக்கு எதிரே நின்றார். சவப்பெட்டியைத் தூக்கி வரும்போது எல்லோரும் பார்க்க, தரையில் காறித் துப்பினார். "மேதையாம் மேதை. இவிய போட்ட கரண்டு என் கையத் தின்னுட்டு" என்றார். யாரோ அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குப் பின்னால் வந்த மதினி அதைக் கேட்டார்கள். நிமிர்ந்து கருப்பையாவைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மதினி சொல்லி அனுப்பியதால் போனேன். கொட்டகையில் அண்ணாச்சியின் டெஸ்டர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். "இது ஒங்க சாமான். எடுத்துக்கிடுங்க" என்றார்கள். திறந்தேன். டெஸ்டருக்கு அடியில், ஒரு துண்டுக் கட்டுத்துணியில் சுற்றி, இரண்டு வயர் துண்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

நான் இடது கைக்காரன். எல்லோரும் வலப்பக்கம் முறுக்குகிற வயரை நான் இடப்பக்கம் முறுக்குவேன். ஷெட்டில் எங்கே இடது முறுக்கைக் கண்டாலும், "இது நம்ம சீனி கைநாட்டு" என்று அண்ணாச்சி சொல்லிச் சிரிப்பார். அந்த நான்கு நுனிகளும் இடப்பக்கம் முறுக்கியிருந்தன.

"அண்ணாச்சிக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது.

"அன்னிக்கே தெரியும். இதச் சட்டைப் பையில வச்சிக்கிட்டுத்தான் அந்த ரூம்ல வச்சு ஒங்ககிட்ட கேட்டாவ" என்றார்கள் மதினி. "வந்து சொல்லுவான்னு சொன்னாவ. பயந்துட்டான், நாலு நாள்ல வந்துருவான்னாவ. வாசல்ல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு வந்து பாப்பாவ. நீங்களும் வந்திய. வருசா வருசம் வந்திய. கேக்கு தின்னிய, காப்பி குடிச்சிய, போனிய."

"அவிய சொல்லியிருக்கலாமே மதினி" என்றேன். அந்த நேரத்திலும் அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது எனக்கு.

"நானும் அதத்தான் கேட்டு அவியகூடச் சண்ட போட்டேன். எம் பேரு கெட்டா கெடட்டும், அவன் வாயால வரணும்னுட்டாவ. அவிய செஞ்சதும் தப்புதான். எனக்கு இப்பவும் கோவந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். காப்பி எதுவும் வரவில்லை.

மதினி சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி செய்ததும் தப்பு. என்னை நம்பி அந்த வயரைப் பைக்குள் போட்டார். நம்பிக்கை வைக்க வேறு ஆளா கிடைக்கவில்லை?

அங்கிருந்து நேரே செண்பகத்தோப்புக்குப் போனேன். கருப்பையா இப்போது ஒரு மாந்தோப்பில் காவலுக்கு இருக்கிறார். வயர்களை அவர் முன்னால் நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் இடது கையில் வயர்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்போ அவிய வாரவாரம் வந்தாவ" என்றார். "கைக்குச் சுத்த கட்டுத்துணி கொண்டாருவாவ. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிடுவேன். ஒரு நாள் அந்தத் துணிய அவிய மேலயே விட்டெறிஞ்சேன். ஒண்ணும் சொல்லாமக் குனிஞ்சு பொறுக்கிட்டுப் போனாவ." தோப்புக்குள் எங்கோ பெட்ரோல் ரம்பம் இரைந்துகொண்டிருந்தது. "என் கை போனதுகூடப் போவட்டும். புளிய மரத்துக்கிட்ட என் உசுரக் காப்பாத்துன மனுசன்யா அவிய. அவிய பொணத்துக்கு முன்னால என்னையத் துப்ப வச்சிட்டீரே."

கும்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். சாவுச் செய்தி வந்த காலையில் போனில் அனுப்பிய அந்தக் கும்பிடும் கைகள் நினைவுக்கு வந்து இறக்கிவிட்டேன்.

வயர்களை என் சட்டைப் பையில் அவரே செருகினார். "இத நீரே வச்சுக்கிடும். எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னிக்கி நான் துப்புனத அம்புட்டு பேரும் பாத்தாவல்ல? அம்புட்டு பேருட்டயும் போய்ச் சொல்லும்" என்றார்.

அதற்காகத்தான் இதை எழுதினேன். அன்றைக்குச் சேத்தூரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும், உச்சுக் கொட்டியவர்களுக்கும், குரூப்பில் கை அனுப்பியவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும். இதன் ஒரு பிரதியோடு என் ராஜினாமாவையும் முதலாளி மேஜையில் வைத்திருக்கிறேன். விசாரித்தவர்களுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இதனால் நான் நல்லவன் ஆகிவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் உயிரோடிருந்தபோது எந்த ஒரு கிறிஸ்மஸ் காலையிலும் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கக்கூடிய காரியம் இது.

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த இரண்டு வயர் துண்டுகளும், அவற்றைச் சுற்றியிருந்த கட்டுத்துணியும்தான். இன்று காலை அந்தத் துணியை விரித்துப் பார்த்தேன். கேபிளில் இழுத்து இழுத்து ஒரு ஓரம் நூல் பிரிந்திருந்தது. அவர் என்னைக் கடைசியாக ஏலே என்று கூப்பிட்டது மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறியபோதுதான். வரும்வரைக்கும் எதையும் தொடாதே என்று சொன்னார்.

டிரிப்பரை நீ தொட்டியா என்று கேட்டீர்கள் அண்ணாச்சி. ஆமாம். நான்தான் தொட்டேன்.